கடைசி அரை மில்லிமீட்டர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை எஸ்எம்டி லைன்களில் மவுண்டர் மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதுபவர்களுக்கும், அதைப் பராமரிப்பவர்களுக்கும், ஷிஃப்டை நடத்தும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நீங்கள் அனுப்பிய போர்டுகளில் சில திரும்பி வருகின்றன. ஆறு மாதமோ ஒரு வருஷமோ நன்றாக ஓடிவிட்டு, ஒரு மழைக்காலம் கழிந்ததும் வருகின்றன. அவற்றைப் பிரித்துக் காரணம் தேடுவதுதான் இந்த மடலை எழுதுபவரின் பிழைப்பு. சந்தேகத்துக்குரிய கெப்பாசிட்டரை போர்டோடு சேர்த்து அறுத்து, எப்பாக்ஸி பிசினில் புதைத்து, இறுகியதும் உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், வெட்டுமுகத்தில் ஒரு கோடு தெரியும். மயிரைவிட மெல்லிய கோடு. அது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும்.

சோல்டர் பிடித்த முனையில், அடிப்பக்கத்தில் தொடங்கி, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் ஏறினால் போர்டு எங்கோ வளைந்திருக்கிறது. பேனலைப் பிரித்தபோதோ ஸ்க்ரூ முறுக்கியபோதோ நடந்த காரியம் அது. மவுண்டருக்கு அதில் சம்பந்தம் இல்லை. கோடு மேற்பரப்பில், நாசில் உட்கார்ந்த இடத்திலேயே தொடங்கி, சில சமயம் பிறை வடிவத்தில் உள்ளே இறங்கினால் விஷயம் வேறு. அந்தப் பாகம் ரீஃப்ளோ அடுப்பைப் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் மெஷின் அதைப் பேஸ்ட்டின் மேல் வைத்த அந்தக் கணத்திலேயே அடிபட்டுவிட்டது.

இது பழி போடும் மடல் என்று நினைத்து மடித்து வைத்துவிட வேண்டாம். குறை, உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்ததும் மணிக்கு எத்தனை பாகம் வைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். லைன் எத்தனை நிமிஷம் நின்றது, எத்தனை பாகம் வீணானது என்று கேட்கிறார்கள். எவ்வளவு விசையோடு வைத்தீர்கள் என்று இதுவரை யாராவது கேட்டதுண்டா? திரும்பி வந்த போர்டின் சீட்டில் ‘காம்போனென்ட் ஃபால்ட்’ என்று எழுதப்படுகிறது. தயாரித்த கம்பெனி தன்னிடமிருக்கும் அதே லாட்டைச் சோதித்து, குறை ஏதும் இல்லை என்று பதில் அனுப்புகிறது. இரண்டு தரப்பும் கைகழுவிய பிறகு, நடுவில் இருந்த மெஷின் ஹெட்டைத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

உங்கள் சோதனைகள் அதைப் பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஏஓஐ கேமரா மேலிருந்து பார்க்கிறது. இடம் விலகியிருக்கிறதா, திரும்பியிருக்கிறதா, சோல்டர் ஏறியிருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். ஐசிடி குறைந்த மின்னழுத்தத்தில் கெப்பாசிட்டன்ஸை அளக்கிறது; விரிசலின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அளவு சரியாகவே வரும். பிறகு வாடிக்கையாளரிடம் போய், விரிசலுக்குள் ஈரம் இறங்கி, மின்னழுத்தம் தொடர்ந்து நிற்க, அடுக்குகளுக்கு நடுவே கசிவு மெல்ல வளர்கிறது. அந்தக் கெப்பாசிட்டர் பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒரு நாள் ஷார்ட் ஆகி, பேட்டரியின் மொத்தக் கரண்டும் அதன் வழியே பாயும். கருகிய போர்டுகள் சில இப்படித்தான் வந்து சேர்கின்றன.

கெப்பாசிட்டரின் உடல் பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கான். உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகள். பீங்கானுக்குரிய குணமெல்லாம் இதற்கும் உண்டு: சீராக அழுத்தினால் தாங்கும், இழுத்தாலும் வளைத்தாலும் தட்டினாலும் உடையும். அதோடு ஒவ்வொரு தலைமுறையிலும் சிறுத்துக்கொண்டே போகிறது. ஜப்பானின் முராட்டா நிறுவனம் 2012-இல் 0.25-க்கு 0.125 மில்லிமீட்டர் அளவில் ஒரு கெப்பாசிட்டரை அறிவித்தது. 2024-இல் 0.16-க்கு 0.08 மில்லிமீட்டருக்கு இறங்கியது. ரவைத் துணுக்கு இதற்கு முன்னால் பாறாங்கல். உங்கள் லைனுக்கு இவை இன்னும் வராமல் இருக்கலாம். 0201, 01005 அளவுகள் ஏற்கெனவே வந்துவிட்டன.

மோதலின் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். 01005 கெப்பாசிட்டரின் எடை ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் அதன் எடையை மறந்துவிடலாம். மோதுவது நாசிலும் அதைச் சுமக்கும் தண்டும். அவை சேர்ந்து 20 கிராம், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2.5 மில்லிஜூல். 0.05 மில்லிமீட்டர் தூரத்துக்குள் அது நின்றாக வேண்டும் என்றால் சராசரி விசையே 50 நியூட்டன், அதாவது அந்தத் துணுக்கின் தலையில் ஐந்து கிலோ எடை. இப்போது இறங்கும் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்குங்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் நூறில் ஒன்றாகிறது. விசை அரை நியூட்டன், ஐம்பது கிராம்.

இந்தக் குறைப்பு முழு இறக்கத்துக்கும் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும். மேலிருந்து வேகமாக வந்து, கடைசி அரை மில்லிமீட்டரில் மட்டும் மெதுவாக இறங்கினால் போதும். இரண்டு கட்ட இறக்கம் பல மெஷின்களில் வசதியாகவே இருக்கிறது. எத்தனையோ லைப்ரரிகளில் அந்தக் கட்டம் மெஷின் வந்த நாளில் இருந்த எண்ணோடு அப்படியே கிடக்கிறது.

எண்ணைப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அந்த அரை மில்லிமீட்டரை உங்களுக்குத் தெரியாமலேயே தின்றுவிடும் மூன்று விஷயங்கள் லைனில் இருக்கின்றன.

முதலாவது, மாற்றுப் பாகம். 2018-இல் பீங்கான் கெப்பாசிட்டர்களுக்கு உலகம் முழுவதும் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததையெல்லாம் வாங்கிப் போட்ட நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பர்சேஸ் பிரிவைப் பொறுத்தவரை 0402 என்றால் 0402. மதிப்பும் வோல்டேஜும் பொருந்தினால் சரி. ஆனால் 0402 கெப்பாசிட்டரின் தடிமன் ஒரு மாடலில் 0.5 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.05. அதே அளவில் அதிகக் கெப்பாசிட்டன்ஸ் கொண்ட இன்னொரு மாடலில் கூடக்குறைய 0.2 வரை அனுமதி உண்டு. 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாகம் வந்து, லைப்ரரியில் 0.5 என்றே இருந்தால், நாசில் 0.2 மில்லிமீட்டர் முன்கூட்டியே மோதுகிறது. மோதிய பிறகும் நிற்காமல் அதே 0.2 மில்லிமீட்டரைக் கீழே அழுத்துகிறது. ரீல் மாற்றிய ஆபரேட்டர் பெண் பார்கோடை ஸ்கேன் செய்கிறார், பச்சை விளக்கு எரிகிறது. அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது, போர்டின் வளைவு. எஸ்எம்டி போர்டுகளுக்கு ஐபிசி தரவிதி அனுமதிக்கும் வளைவு 0.75 சதவீதம். 200 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர். விதிப்படி ‘பாஸ்’ ஆன போர்டே உங்கள் அரை மில்லிமீட்டரைப் போல மூன்று மடங்கு மேலெழும்பி நிற்கலாம். கிளாம்ப் ஓரங்களைப் பிடிக்கிறது, நடுவை விட்டுவிடுகிறது. மேடாக வளைந்த இடத்தில், மெதுவாகும் கட்டம் தொடங்கும் முன்பே நாசில் முழு வேகத்தில் போய் இடிக்கும். பள்ளமான இடத்தில் பாகம் பேஸ்ட்டைத் தொடாமல் அந்தரத்தில் விடப்பட்டு விழும். கீழே சப்போர்ட் பின் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தொடும்போதும் போர்டு கயிற்றுக்கட்டில் போல அமுங்கி எழும்பும். பக்கத்தில் ஏற்கெனவே வைத்த பாகங்கள் நகரும். இரண்டு பக்கமும் பாகங்கள் உள்ள போர்டில் பின்னை இடம் மாற்றி வைத்தால், கீழ்ப்பக்கத்துக் கெப்பாசிட்டரின் மேலேயே அது போய் நிற்கும். மேலே வைப்பதை மென்மையாக்கிவிட்டுக் கீழே இருப்பதை உடைத்த கதை அது. பின் எங்கெங்கே வர வேண்டும் என்று ஒரு வரைபடம் உங்கள் மெஷின் பக்கத்தில் தொங்குகிறதா, அல்லது அது மூத்த டெக்னீசியன் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறதா?

மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது: நாசிலின் ஸ்ப்ரிங்.

மோட்டாரும் பால்ஸ்க்ரூவும் கொண்டு இறங்கும் ஹெட்டில் பாகம் உணரும் நிறை, கண்ணுக்குத் தெரியும் தண்டோடு நிற்பதில்லை. சுழலும் ரோட்டரும் ஸ்க்ரூவின் வழியாகக் கீழே வந்து சேர்கிறது. சுழல் நிலைமம் வெறும் 10 கிராம் சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு சிறிய மோட்டார், ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் இறங்கும் ஸ்க்ரூவில் பூட்டப்பட்டால், நேர்க்கோட்டில் அது ஏறக்குறைய 400 கிராம் நிறைக்குச் சமம். இருபது கிராமுக்குப் போட்ட கணக்கே ஐந்து கிலோ காட்டியது என்றால் இதற்கு என்ன வரும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். அதனால்தான் நாசிலுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு ஸ்ப்ரிங் வைத்தார்கள். பஸ்ஸின் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பஸ் முழுவதும் இறங்காமல் காப்பது போல, முதல் தொடுதலில் பாகத்தை இடிப்பது நாசிலின் நுனி மட்டும். பின்னால் வரும் பாரம் ஸ்ப்ரிங் வழியாக மெதுவாக ஏறுகிறது.

ஸ்ப்ரிங் சிக்கிக்கொண்டால்? ஃபிளக்ஸ் படிவும் தூசியும் உறைக்குள் சேர்ந்து நாசில் வழுக்கி ஏற மறுத்தால், பாரம் முழுவதும் ஒரே அடியாகப் பாகத்தின் மேல் இறங்கும். இது வெறும் யூகம் இல்லை. முராட்டா தன் கெப்பாசிட்டர்களோடு தரும் எச்சரிக்கைக் குறிப்புகளிலேயே இது இருக்கிறது: நாசிலுக்கும் சிலிண்டர் உட்சுவருக்கும் நடுவே சேரும் அழுக்கு நாசிலின் அசைவைத் தடுத்துப் பாகத்தை உடைக்கும் என்கிறார்கள். வைக்கும்போது நிலை விசை 1 முதல் 3 நியூட்டன் வரை இருக்க வேண்டும் என்றும், போர்டின் வளைவைச் சரிசெய்த பிறகே நாசிலின் அடிமட்ட உயரத்தை வைக்க வேண்டும் என்றும் அதே குறிப்புகள் சொல்கின்றன. அந்தத் தாள்கள் உங்கள் கம்பெனியில் டிசைன் பிரிவின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. லைனுக்கு அவை வந்து சேரவில்லை.

‘புது மெஷின்களில் இதெல்லாம் தானாக நடக்கிறது’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். பாதி உண்மை. வாய்ஸ் காயில் கொண்டு இறங்கும் ஹெட்களில் ஸ்க்ரூவின் பாரம் இல்லை. ஒலிபெருக்கியில் இருக்கும் அதே காந்தமும் சுருளும்தான். விசை, பாயும் கரண்டுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். கரண்டைக் கட்டிப்போட்டால் விசையும் கட்டுக்குள் நிற்கும். கலிபோர்னியாவின் ஸ்மாக் நிறுவனம் ‘சாஃப்ட் லேண்ட்’ என்ற பெயரில் செய்வது இதுதான்: குறைந்த விசையில் மெதுவாக இறங்கி, எதையாவது தொட்டதும் நகர்வில் ஏற்படும் தடங்கலை உணர்ந்து அங்கேயே நிற்பது. விசை சென்சார் உள்ள ஹெட்களும், லேசரால் போர்டின் உயரத்தைப் பல இடங்களில் அளந்து திருத்திக்கொள்ளும் மெஷின்களும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் அந்த வசதியை ஆன் செய்ய வேண்டியவர் நீங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று எண் கொடுக்க வேண்டியவரும் நீங்கள். அது இல்லாத பழைய மெஷினும் உங்கள் லைனில்தான் மூன்று ஷிஃப்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘வேகம் போய்விடும்’ என்பது அடுத்த பதில். கடைசி அரை மில்லிமீட்டரை நொடிக்கு அரை மீட்டரில் கடக்க ஒரு மில்லிநொடி. பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பத்து மில்லிநொடி. ஒரு பாகத்துக்குக் கூடுதலாக ஒன்பது மில்லிநொடி. போர்டில் உடையக்கூடிய பாகங்கள் அறுபது இருந்தால், எல்லாம் சேர்ந்து அரை நொடியைச் சற்றுத் தாண்டும். அந்த அறுபதையும் லைனில் காத்துக்கொண்டு சும்மா நிற்கும் மெஷினுக்கு மாற்றிவிட்டால் சைக்கிள் டைமில் அது தெரியவே தெரியாது. எல்லா ரெசிஸ்டரையும் மெதுவாக வையுங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

மென்மை அதிகமானாலும் கெடுதல்தான். பேஸ்ட்டில் சரியாகப் பதியாத பாகம் நாசிலோடு திரும்பி வரும், அல்லது அடுப்பில் ஒரு பக்கமாக எழுந்து நிற்கும். விசை கூடினால் பேஸ்ட் பிதுங்கி, பாகத்தின் வயிற்றுக்கடியில் சோல்டர் மணிகளாக உருளும். கனெக்டரின் பிளாஸ்டிக் முளை துளைக்குள் இறங்க, கெப்பாசிட்டருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு விசை வேண்டும். சிலிக்கோன் குமிழ் உள்ள எல்ஈடியை நடுவில் தொடவே கூடாது. ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண் என்று எதுவும் இல்லை. அதனால்தான் இதை மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையில் முடிக்க முடியாது. ஒவ்வொரு பாகத்தையும் அறிந்த உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான்.

லைப்ரரியில் ஒவ்வொரு பீங்கான் கெப்பாசிட்டருக்கும் மூன்று எண்களை நிரப்புங்கள்: எந்த உயரத்தில் மெதுவாக வேண்டும், எந்த வேகத்தில் தொட வேண்டும், எவ்வளவு விசையில் நிற்க வேண்டும். மாற்றுப் பாகம் ஒன்றை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் தடிமனுக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ரீலை லைனில் ஏற்ற மறுக்கும் அதிகாரம் ஷிஃப்டுக்கு வேண்டும். நாசிலைக் கழுவும்போது துளை அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள். அதோடு விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள். தடையில்லாமல் ஏறி, தானாக இறங்கி வராத நாசிலை ஒதுக்கி வையுங்கள். சப்போர்ட் பின் வரைபடத்தை மாடல்வாரியாக அச்சடித்து மெஷினில் ஒட்டுங்கள்.

அளப்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நொடிக்குப் பத்து முறை காட்டும் சாதாரண லோட் செல் நிலை விசையை மட்டும் சொல்லும். மோதலின் உச்சம் ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் வந்து போய்விடும். அந்த உச்சம் லோட் செல்லின் கண்ணில் படாது. ஒரு நியூட்டன் என்று திரையில் காட்டிய நாசில் அதற்கு முன் இருபதைத் தொட்டிருக்கலாம். வேகமான சென்சாரை மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆட்களிடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அழுத்தம் பட்ட இடம் சிவக்கும் ப்ரீஸ்கேல் ஃபிலிமை வெற்று போர்டில் ஒட்டி எல்லா நாசில்களையும் வரிசையாக இறக்கிப் பாருங்கள். துல்லியமான எண் வராது. எந்த நாசில் மற்றவற்றைவிடக் கனமாக இடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒரு சோதனைக்கு இடம் கொடுங்கள். அடுத்த முறை மாடல் மாற்றத்துக்காக லைன் நிற்கும்போது, கழித்துப் போட்ட போர்டு ஒன்றில் பேஸ்ட் அச்சடித்து, ஒரே ரீலிலிருந்து கெப்பாசிட்டர்களை எடுத்து, இப்போதுள்ள உயரத்தில் ஒரு வரிசை, 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக இறக்கி ஒரு வரிசை, 0.2, 0.3 என்று இன்னும் இரண்டு வரிசைகள் வையுங்கள். பிறகு மெதுவாக இறங்கும் அமைப்பில் அதே நான்கையும் திரும்பச் செய்யுங்கள். எந்த வரிசையில் விரிசல் தொடங்குகிறது என்பதிலிருந்து, உங்கள் லைன் இன்று விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரியவரும். போர்டை ரீஃப்ளோ செய்து, வரிசைகளுக்கு எண் போட்டு, லைப்ரரியின் அந்த மூன்று எண்களையும் நாசில் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். அறுப்பதும் தேய்ப்பதும் பார்ப்பதும் இந்தப் பக்கத்து வேலை. படங்கள் ஒரு வாரத்தில் உங்கள் லைனுக்கே நேராக வந்து சேரும், ‘காம்போனென்ட் ஃபால்ட்’ என்ற சீட்டு இல்லாமல்.

இப்படிக்கு,
திரும்பி வரும் உங்கள் போர்டுகளை அறுத்துப் பார்க்கும் ஒருவர்